எசேக்கியேல் முதலாம் அதிகாரம்: சக்கரத்தில் கண்கள் எதற்கு?

ஞாயிறுபள்ளி டீச்சர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுபள்ளி எடுக்கிறேன். வேதாகமத்தின் தீர்க்கதரிசனப் புத்தகங்களில் ஏசாயா, எரேமியா எல்லாம் சிரமமில்லாமல் போய்விட்டது. போன வாரம் எசேக்கியேல் ஆரம்பித்தேன், முதல் அதிகாரத்தைத் தாண்ட முடியவில்லை.

வெறுமனே வாசித்தால் மனதில் நிற்காது என்று ஒரு சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டினேன். பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும், கேட்பதை நான் வரைய வேண்டும் என்று ஏற்பாடு. நாலு ஜீவன்கள், சரி. ஒவ்வொன்றுக்கும் நாலு முகம்: மனுஷமுகம், வலது பக்கம் சிங்கம், இடது பக்கம் எருது, அப்புறம் கழுகு. தாளில் மூன்று முகத்துக்கு மேல் காட்ட வழியில்லை, கழுகை எங்கே வைப்பது? நாலு செட்டைகளில், அதாவது சிறகுகளில், இரண்டு விரிந்து பக்கத்து ஜீவனைத் தொடுகின்றன, இரண்டு உடம்பை மூடுகின்றன. அப்படியானால் செட்டைகளின் கீழே இருக்கும் கைகள் வெளியே தெரியுமா, தெரியாதா? கால் நேரான கால், ஆனால் உள்ளங்கால் கன்றுக்குட்டியினுடையது. சக்கரத்துக்குள் சக்கரம் வந்தபோது இரண்டு தடவை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு மறுபடி போட்டேன். வட்டங்கள் முழுக்கக் கண்கள் என்ற வசனம் வந்ததும் ஒரு பையன் எழுந்து வந்து என் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, தானே ஒவ்வொரு கண்ணாகப் போட ஆரம்பித்தான். அரை வட்டம் முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "மிஸ், இந்தக் கண்ணெல்லாம் எதைப் பார்க்குது?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

அதற்குள் இன்னொரு பிள்ளை, இது வேற்றுக்கிரகத்து விண்கலம் என்று யூடியூபில் பார்த்ததாகச் சொல்ல, வகுப்பே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

எனக்குள்ள கேள்வி இதுதான். அந்த ஜீவன்கள் உண்மையிலேயே அப்படித்தான் இருக்குமா, அல்லது எல்லாம் அடையாளமா? நாலாம் வசனத்தில் "சொகுசாவின் நிறம்" என்று வருகிறதே, சிறு வயதிலிருந்து வாசித்திருக்கிறேன், சொகுசா என்றால் என்ன? ஏசாயா 6-ல் சிங்காசனம், சேராபீன்கள் என்னும் ஆறு செட்டையுள்ள பரலோக ஜீவன்கள், "பரிசுத்தர் பரிசுத்தர் பரிசுத்தர்" என்ற சத்தம், வாசித்தால் மனதுக்குள் போகிறது. இங்கே மட்டும் ஏன் இவ்வளவு சிக்கலாகக் காட்டினார்? பிள்ளைகளுக்கு மழுப்பிப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தத் தாளைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், மேசைமேல்தான் இருக்கிறது.

கரையோரம்:

சிஸ்டர், நாலாம் வசனத்திலிருந்து வரைய ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் மூன்று வசனங்களை விட்டுவிட்டால் மீதி எதுவும் பிடிபடாது. நானும் வருடக்கணக்காக அதைத் தேதிதானே என்று தள்ளிவிட்டுப் போனவன்தான்.

அந்த மூன்று வசனங்கள் என்ன சொல்கின்றன? முப்பதாம் வருஷம், நாலாம் மாதம், ஐந்தாம் தேதி. யோயாக்கீன் ராஜா சிறைப்பட்டுப் போன ஐந்தாம் வருஷம். இடம் கல்தேயர் தேசத்தில் கேபார் நதியண்டை. ஆள், பூசியின் மகன் எசேக்கியேல் என்னும் ஆசாரியன். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் கொல்லர் தச்சர்களையும் பிடித்துக்கொண்டு போனான். 2 இராஜாக்கள் 24 அந்தக் கணக்கைப் பதினாயிரம் பேர் என்கிறது. அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர். தரிசனம் வந்தது கி.மு. 593. அப்போது எருசலேம் ஆலயம் இன்னும் இடிக்கப்படவில்லை, இன்னும் ஆறேழு வருஷம் இருக்கிறது.

"முப்பதாம் வருஷம்" என்பது எதன் முப்பதாம் வருஷம் என்று பல கருத்து உண்டு. அவருடைய வயது என்று எடுப்பவர்கள் பழங்காலத்திலிருந்தே இருக்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. எண்ணாகமம் 4-ல் ஆசரிப்புக் கூடார வேலைக்கு வருகிற லேவி புத்திரருக்கு முப்பது வயது என்று கணக்கு. அப்படியானால் இவர் ஊரில் இருந்திருந்தால் ஆலயத்தில் பணிவிடை தொடங்கியிருக்க வேண்டிய வருஷம் அது. சின்ன வயதிலிருந்து அதற்காகவே வளர்ந்தவர். ஆலயம் எங்கேயோ இருக்கிறது, இவர் அந்நிய தேசத்துத் தண்ணீர்க்கரையில் நிற்கிறார். பின்னாளில் எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வர நாலு மாதம் பிடித்தது. அவ்வளவு தூரம்.

அந்தக் காலத்து மக்கள் மனதில் கர்த்தர் வாசம்பண்ணும் இடம் எது? ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தில், கேருபீன்கள் என்னும் செட்டையுள்ள பரலோக ஜீவன்களின் உருவங்கள் நடுவில். சாலொமோன் ஒலிவமரத்தில் இரண்டு கேருபீன்கள் செய்து பொன்தகட்டால் மூடி வைத்தார், ஒவ்வொன்றும் 10 முழ உயரம், நாலு செட்டைகளும் சேர்ந்து சுவருக்குச் சுவர் 20 முழம். அவை நின்ற இடத்திலேயே நிற்பவை. இப்போது நாலாம் வசனத்துக்கு வாருங்கள். புசல்காற்றும் மேகமும் அக்கினியும் வருகின்றன, அதற்குள் ஜீவன்கள், அவற்றின் தலைக்குமேல் வச்சிரப்பிரகாசமான மண்டலம், அதற்கும் மேல் நீலரத்தினம் போன்ற சிங்காசனம். பக்கத்தில் தரையில் சக்கரங்கள்.

சிங்காசனத்துக்கு எதற்குச் சக்கரம்? நகர்கிற சிங்காசனம் என்பதால்தான். என்னைக் கேட்டால் அந்த அதிகாரம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு பாடுபடுகிறது. முகம் நாலு திசைக்கும் இருப்பதால் எந்தப் பக்கம் போனாலும் திரும்ப வேண்டியதில்லை. சக்கரத்துக்குள் சக்கரம் குறுக்காக இருந்தால் அதுவும் திரும்பாமல் நாலு பக்கமும் ஓடும். "திரும்பாமல்" என்பதை அவர் எத்தனை முறை சொல்கிறார் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஆவி போக விரும்பும் இடமெல்லாம் போகும், ஆவி சக்கரங்களிலும் இருந்தது. எருசலேமில் தங்கிப் போனவர் என்று இவர்கள் நினைத்திருந்த தேவன், கேபார் கரைக்கு வந்து நிற்கிறார்.

அந்தப் பையனுக்கு இப்படிச் சொல்லலாம்: அந்தக் கண்கள் பார்க்காத திசை இல்லை. பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் "கர்த்தர் எங்களைக் காணவில்லை" என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் சக்கரமெல்லாம் கண்ணாக வந்து இறங்குகிறது.

விண்கலக் கதை 1970-களில் பெரிதாகப் பேசப்பட்டது. நாசாவில் வேலை செய்த ப்ளூம்ரிச் என்ற பொறியாளர் அளவெல்லாம் போட்டு வரைபடமே தயாரித்தார். ஆனால் சிங்கம், எருது, கழுகு, மனுஷமுகம், செட்டை எல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த உருவங்கள். அசீரிய அரண்மனை வாசல்களில் மனுஷத்தலையும் செட்டையும் கொண்ட எருதுகள் கல்லில் நின்றன, இன்றும் லண்டனிலும் பாரிஸிலும் மியூசியத்தில் பார்க்கலாம். நேபுகாத்நேச்சார் கட்டிய இஷ்தார் வாசலில் எருதுகள், அதற்குப் போகும் ஊர்வலப் பாதைச் சுவரெல்லாம் சிங்கங்கள். சிறைப்பட்டவர்கள் வாழ்ந்த நாட்டில் அவை வல்லமையின் சின்னம். தரிசனத்தில் அந்த மாதிரி உருவங்கள் எல்லாம் சிங்காசனத்துக்குக் கீழே நிற்கின்றன. இதைச் சொன்னால் யூடியூபைவிட இதுவே சுவாரசியம் என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

எபிரேய மாணவன்:

மேலே பிரதர் எழுதியதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். சொகுசா பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதனால் மொழிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் எழுதுகிறேன். எபிரேயம் படிக்க ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது, இந்த அதிகாரத்தை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன்.

மூலத்தில் அந்தச் சொல் "ஹஷ்மால்". வேதாகமம் முழுவதிலும் எசேக்கியேல் புத்தகத்தில் மட்டும்தான் வருகிறது, அதுவும் மூன்றே இடத்தில். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் "எலெக்ட்ரான்" என்று போட்டார்கள், பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத்துக்கும், மஞ்சளாக மின்னும் அம்பர் என்ற மரப்பிசின் கல்லுக்கும் அந்தப் பெயர் உண்டு. நெருப்புக்குள்ளிருந்து பழுத்து மின்னும் ஏதோ ஒன்று என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும். பட்டறையில் இரும்பு பழுத்து வெள்ளையாகும் நேரத்து ஒளியை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்றைய இஸ்ரவேலில் அதே சொல்லை மின்சாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஹஷ்மால் போய்விட்டது என்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, "சொகுசாவின் நிறம்" என்கிற இடத்தில் "நிறம்" என்று நாம் வாசிப்பது எபிரேயத்தில் "கண்" என்கிற அதே சொல்தான். ஹஷ்மாலின் கண்போல என்று நேராக வரும். ஒரு பொருள் வீசும் மினுமினுப்பை அவர்கள் அதன் கண் என்பார்கள். ஜீவன்களின் பாதம் மின்னியதற்கும், சக்கரத்தின் படிகப்பச்சை நிறத்துக்கும், மண்டலத்தின் வச்சிர ஒளிக்கும் அதே சொல். அப்படியே வாசித்துக்கொண்டு வந்து வட்டங்களில் கண்கள் என்று வரும்போது, அவை பார்க்கும் கண்களா, மின்னும் புள்ளிகளா என்று ஒரு நொடி நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. பார்க்கும் கண்கள் என்றே நானும் எடுக்கிறேன். ஆனால் அந்த அதிகாரம் முழுக்க ஒளியும் பார்வையும் ஒரே சொல்லில் பின்னியிருப்பது தமிழில் தெரியாமல் போகிறது, அதனால் சொன்னேன்.

அந்த ஜீவன்கள் அப்படியே இருக்குமா என்ற கேள்விக்கு எசேக்கியேல் தானே ஒரு பதில் வைத்திருக்கிறார். 26-ஆம் வசனத்தை நிதானமாக வாசியுங்கள்: "சிங்காசனத்தின் சாயலும், அந்தச் சிங்காசனத்தின் சாயலின்மேல் மனுஷசாயலுக்கு ஒத்த ஒரு சாயலும்". சிங்காசனத்தைக் கண்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. "தெமூத்", அதாவது சாயல், என்ற சொல் இந்த ஓர் அதிகாரத்தில் மட்டும் 10 தடவை வருகிறது, இதைத் தவிர "போல", "தோற்றம்" என்று வேறு. மேலே போகப் போக இந்தச் சொற்கள் நெருக்கமாகின்றன. கன்றுக்குட்டியின் பாதத்தைச் சொல்லும்போது தைரியமாகச் சொல்கிறார், சிங்காசனத்தின்மேல் இருப்பவரிடம் வரும்போது சாயலுக்குமேல் சாயல் அடுக்குகிறார், கடைசியில் அதுவும் "கர்த்தருடைய மகிமையின் சாயல்" என்றுதான் முடிகிறது. அந்த இடத்தில் முகங்குப்புற விழுகிறார்.

இலக்கணமும் இந்த அதிகாரத்தில் தடுமாறுகிறது. ஜீவன்கள் என்ற சொல் எபிரேயத்தில் பெண்பால். அவற்றைக் குறிக்கும் சொற்கள் ஒரு வரியில் பெண்பாலில் வரும், அடுத்த வரியில் ஆண்பாலில் வரும், மறுபடி மாறும். பிரதி எடுத்தவர்களின் பிழை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கோ, ஒரு மனுஷன் கண்டதைச் சொல்ல முடியாமல் திணறும் சத்தம் அதில் கேட்கிறது. உங்கள் சார்ட் பேப்பரில் கழுகுக்கு இடம் கிடைக்காததும் அதே திணறல்தான் சிஸ்டர், நீங்கள் வரைந்தது தப்பில்லை.

யூத ரபிகள் இந்த அதிகாரத்தை "மெர்க்காவா", அதாவது ரதம், என்று சொல்வார்கள். சொந்த அறிவால் புரிந்துகொள்ளக்கூடிய ஞானியாக இருந்தாலொழிய ஒரே ஒரு மாணவனுக்குக்கூட இதை விளக்கக் கூடாது என்று மிஷ்னா என்ற அவர்களுடைய பழைய சட்டத்தொகுப்பில் விதியே இருக்கிறது. மிஷ்னாவுக்கு விளக்கமாக வந்த தால்முத்தில் ஒரு கதை: ஒரு சிறுவன் ஆசிரியர் வீட்டில் எசேக்கியேலை வாசித்துக்கொண்டிருந்தபோது ஹஷ்மால் என்னவென்று புரிந்துகொண்டானாம், உடனே அதிலிருந்து நெருப்புப் புறப்பட்டு அவனைச் சுட்டெரித்ததாம். புத்தகத்தையே ஒதுக்கி வைத்துவிடலாமா என்று பேச்சு வந்தபோது ஒரு ரபி 300 ஜாடி எண்ணெயை மேல்வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு, விளக்கெரித்து உட்கார்ந்து சிக்கல்களை அவிழ்த்தார் என்றும் அங்கே வருகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த இரண்டு கதையையும் மறக்கமாட்டார்கள்.

வடகாற்று:

வித்தியாசமாக ஒன்று சொல்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். சக்கரம் வைத்துக்கொண்டு நம்மைத் தேடி வந்தார் என்று ஆறுதல் செய்தியாக இதைச் சொல்வது இப்போது எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கிறது. அதிகாரத்தை அப்படியே வாசித்தால் எனக்கு அங்கே முதலில் பயம்தான் தெரிகிறது.

புசல்காற்று வடக்கேயிருந்து வருகிறது. எரேமியாவை முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அங்கே வடக்கேயிருந்து வருவது என்ன? தீங்கு. பொங்குகிற பானையின் வாய் வடக்கேயிருந்து சாய்ந்திருக்கிறது. படைகள் வருகிற திசை அது. செட்டைகளின் இரைச்சல் பெருவெள்ளம்போல, ஒரு சேனையின் சத்தம்போல இருந்தது என்று எசேக்கியேல் சொல்கிறார். சக்கரத்தின் வட்டங்கள் பயங்கரப்படத்தக்க உயரம். போர் ரதத்தில் வருபவரைக் கண்டு "அப்பாடா, வந்துவிட்டார்" என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தரிசனத்தின் முடிவில் கிடைப்பதும் ஆறுதல் வசனம் கிடையாது. அவர் கையில் நீட்டப்பட்ட புஸ்தகச்சுருளில் உள்ளும் புறமும் எழுதியிருந்தது புலம்பலும் தவிப்பும் ஐயோ என்பதும். அதைத்தான் சாப்பிடச் சொல்லுகிறார். வாயில் தேன்போல இருந்தது, உண்மை. ஆனால் 3:14-ல் அவர் மனங்கசந்து போனார் என்று இருக்கிறது. தெலாபீப் என்ற ஊரில் சிறைப்பட்டவர்கள் நடுவில் போய் ஏழு நாள் பிரமித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். நல்ல செய்தி கேட்டவன் ஏழு நாள் பேசாமல் உட்காருவானா? 8 முதல் 11 வரை வாசியுங்கள், ஆலயத்துக்குள்ளே நடக்கும் அருவருப்புகளைக் காட்டிவிட்டு கர்த்தருடைய மகிமை வாசற்படிக்கு வருகிறது, பிறகு கிழக்கு வாசல், பிறகு நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் மலை. சக்கரம் எதற்கு என்றால் ஆலயத்தை விட்டுப் போகத்தான். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், பாதியை மட்டும் சொல்லக் கூடாது.

கரையோரம்:

நீங்கள் சொன்னது நியாயம், நான் அவசரப்பட்டு ஆறுதலுக்குத் தாவிவிட்டேன். வடக்கு என்பதை நான் எழுதவே இல்லை. அந்தச் சத்தத்தில் நிற்க முடியாமல் அவர் விழுகிறார், "மனுபுத்திரனே, உன் காலூன்றி நில்" என்று சொன்னபிறகும் தானாக எழவில்லை, ஆவி உள்ளே வந்துதான் நிறுத்துகிறது. பயம் முதலில்தான் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நாட்களின் வரிசையைப் பாருங்கள். மகிமை ஆலயத்தை விட்டுப் போவதை அவர் காண்பது ஆறாம் வருஷம் ஆறாம் மாதம். கேபார் கரையில் கண்டது ஐந்தாம் வருஷம் நாலாம் மாதம். ஆலயத்தை விட்டுப் புறப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பே சிறைப்பட்டவர்களிடம் வந்தாயிற்று. 11-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் மிஞ்சியிருந்தவர்கள் சிறைப்பட்டுப் போனவர்களைப் பார்த்து, "நீங்கள் கர்த்தரை விட்டுத் தூரப்போனவர்கள், தேசம் எங்களுக்குத்தான்" என்று பேசுகிறார்கள். அதற்கு வரும் பதில் 16-ஆம் வசனம்: அவர்கள் போன தேசங்களில் நானே அவர்களுக்குக் கொஞ்சக்காலம் பரிசுத்த ஸ்தலமாக இருப்பேன். எந்த ஊரில் கட்டடம் இருக்கிறதோ அந்த ஊரை விட்டுப் புறப்படுகிறார், எந்த ஊரில் ஒரு கூரையும் இல்லையோ அங்கே தாமே ஆலயமாக இருப்பேன் என்கிறார். நீங்கள் சொன்ன நியாயத்தீர்ப்பும் நான் சொன்ன ஆறுதலும் ஒரே ரதத்தில்தான் வருகின்றன.

என்னை மிகவும் தொட்ட இடம் ஒன்று இருக்கிறது. முதல் அதிகாரத்தில் அவர் கேருபீன் என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. வெறும் ஜீவன்கள் என்றுதான் சொல்கிறார். 10:20-க்கு வந்தபிறகுதான், கேபார் நதியண்டையில் கண்ட அதே ஜீவன் இது, இவைகள் கேருபீன்கள் என்று அறிந்துகொண்டேன் என்கிறார். ஆசாரியனின் மகன், கேருபீன்களைப் பற்றி எவ்வளவு கேட்டிருப்பார்! ஆனால் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் வருஷத்துக்கு ஒரு நாள் பிரதான ஆசாரியன் மட்டும்தான் போகலாம், இவர் உள்ளே பார்த்திருக்கவே முடியாது. வாழ்நாளெல்லாம் திரைக்குப் பின்னால் இருந்ததை வெட்டவெளியில் கண்டபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. உங்களுக்கு முதல் வாரத்தில் புரியவில்லை என்பதற்கு வருத்தப்படாதீர்கள் சிஸ்டர்.

மலைமாதா ஊர்:

நான் கத்தோலிக்கன், எங்கள் திருவிவிலியத்தில் மனுபுத்திரனே என்ற இடத்தில் "மானிடா" என்று இருக்கும், எனக்கு அந்த விளி பிடிக்கும், அவ்வளவு பெரிய காட்சிக்கு முன்னால் நீ மண்ணால் ஆன மனிதன் என்று ஞாபகப்படுத்துவது போல.

இரண்டு சின்ன விஷயம் மட்டும் சேர்க்கிறேன். முதல் அதிகாரத்தில் ரதம், தேர் என்ற சொல்லே கிடையாது. எசேக்கியேல் கண்டதைக் கெருபுகளின் தேர் என்று சொல்வது எங்கள் பைபிளில் இருக்கும் சீராக்கின் ஞானநூல் 49:8. யூதர்கள் அப்படிப் புரிந்துகொள்ள ஆரம்பித்து 2,000 வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதற்கு அது சாட்சி.

அடுத்து, வெளிப்படுத்தல் நூல் 4-ல் இதே நால்வர் வருகிறார்கள், ஆனால் மாறியிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரே முகம், சிறகு ஆறு. ஆறு சிறகும் "தூயவர்" பாடலும் எசாயா கண்ட செராபீன்களிடமிருந்து, முகங்கள் எசேக்கியேலிடமிருந்து. கண்கள் சக்கரத்தை விட்டு அவர்கள் உடம்புக்கே வந்துவிட்டன. சக்கரம் அங்கே இல்லை, ஏனென்றால் அங்கே அரியணை வானகத்தில் நிலையாக இருக்கிறது, எங்கேயும் போக வேண்டியதில்லை என்று எங்கள் பங்குத் தந்தை ஒருமுறை விளக்கினார். பிறகு திருச்சபைத் தந்தையர் காலத்தில் அந்த நாலு முகத்தையும் நாலு நற்செய்தியாளருக்கு வைத்தார்கள். மத்தேயு மனிதன், மாற்கு சிங்கம், லூக்கா காளை, யோவான் கழுகு. பழைய கோயில்களில் பிரசங்க மேடையில் செதுக்கியிருப்பார்கள். உங்கள் பிள்ளைகள் எங்கேயாவது பார்த்திருப்பார்கள், என்னவென்று தெரியாமல் கடந்து போயிருப்பார்கள். அதிலிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம்.

ஞாயிறுபள்ளி டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இந்தப் பதில்களை எல்லாம் வைத்துக்கொண்டு 1 முதல் 3 வரையும், 8 முதல் 11 வரையும் ஒரே மூச்சில் வாசித்தேன். வடகாற்று பிரதர் சொன்ன பிறகு வாசித்ததால் அந்த ஏழு நாள் மௌனம் என்னை நிறுத்திவிட்டது. அதற்கு முன்னால் அந்த வசனத்தை நான் கவனித்ததே இல்லை. 43-ஆம் அதிகாரத்தையும் எட்டிப் பார்த்தேன். மகிமை கிழக்கே இருந்து திரும்பி வருகிறது, அதே பெருவெள்ளத்தின் இரைச்சல், அவரும் கேபார் நதியண்டையில் கண்ட தரிசனம்போல இருந்தது என்று சொல்லி மறுபடி முகங்குப்புற விழுகிறார். எந்த வாசல் வழியாகப் போனதோ அதே கிழக்குப் பக்கம். 25 வருஷம் சிறையில் கழிந்த பிறகு இதைக் காண்கிறார். வாசித்துவிட்டு அழுதேன்.

பையனுக்கு என்ன சொல்வது என்று தெளிவாகிவிட்டது. இரண்டையும் சொல்லப்போகிறேன்: எருசலேமில் மறைவாகச் செய்ததையும் அந்தக் கண்கள் பார்த்தன, கேபார் கரையில் உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தன.

அப்புறம் காலையில் தாளை விரித்துப் பார்த்தேன். ஜீவன்கள் இருக்கிறார்கள், சக்கரம் இருக்கிறது, மேலே சிங்காசனத்துக்கு நீலம் தீட்டியிருக்கிறோம், வானவில்கூட இருக்கிறது. நதி இல்லை. எசேக்கியேல் இல்லை, சிறைப்பட்டவர்கள் ஒருவர்கூட இல்லை. தாளின் அடியில் நாலு விரற்கடை இடம் மிஞ்சியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையே அங்கே வரையச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஒரு சந்தேகம், கேபார் பெரிய ஆறா? வளைந்து போகிற மாதிரி போடவா?

எபிரேய மாணவன்:

வெட்டிய கால்வாய் சிஸ்டர், நேராகவே போடச் சொல்லுங்கள். இன்றைய ஈராக்கில் நிப்பூர் என்ற பழைய ஊரில் 1893-ல் ஒரு குடும்பத்தின் வியாபாரக் கணக்குகள் களிமண் பலகைகளாகக் கிடைத்தன. எசேக்கியேலுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பிற்பட்டவை. அவற்றில் "நார் கபாரி", அதாவது கபார் கால்வாய், என்ற பெயர் வருகிறது, யூதப் பெயர்களும் நிறைய வருகின்றன. பாபிலோனிலேயே கிடைத்த வேறு பலகைகளில் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு இருக்கிறது, அவற்றை 1939-ல் வெளியிட்டார்கள். எசேக்கியேல் தேதி போடுகிறாரே, அந்த யோயாக்கீன்தான். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வரைவதற்கு: சமவெளி, மலையே கிடையாது. கரையில் பேரீச்சை மரங்கள். நாலாம் மாதம் என்பதால் நல்ல கோடை. 137-ஆம் சங்கீதத்தில் கின்னரங்களைத் தூக்கி வைத்த அலரிச்செடி ஒன்றிரண்டு போட்டால் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டும் ஞாபகம் வரும்.

கரையோரம்:

எசேக்கியேலைக் குப்புற விழுந்த மாதிரி போடச் சொல்லாதீர்கள் சிஸ்டர், 2-ஆம் அதிகாரத்தில் எழுந்து நிற்கிறார் அல்லவா, நிற்கிற மாதிரி போடட்டும். தாள் முடிந்ததும் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.